றுமானா கேட்ட கதவு

கல்முனைக்குடி

அன்புள்ள சுஹறா ராத்தாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் நானும் ஸப்னாவும் உங்கள் குட்டி மருமகள் றுமானாவும் சுகம். வரிப்பத்தான்சேனையில் நீங்களும் கச்சிமுகம்மது மச்சானும் பிள்ளைகளும் இந்தப் போக நெல் வெள்ளாண்மையும் சுகமாக இருக்க துஆச் செய்கிறேன். இந்தக் கடிதத்தோடு லொறியில் ஒரு பெட்டி வரும். அதற்குள் இருப்பது பம்பர்ஸ். உங்கள் கடைக்குட்டிக்கு வைத்துக்கொள்ளுங்கள், எங்கள் வீட்டில் இனி அதற்கு வேலை இல்லை. இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் நான் "றுமானா" என்று வாய் திறந்ததும் நீங்கள் புத்தி சொல்லத் தொடங்கிவிடுவீர்கள், நான் "ஓம் ராத்தா, ஓம் ராத்தா" என்று சொல்லிக்கொண்டிருக்கக் கடைக்கு ஆள் வந்துவிடும். கடிதத்தில் நீங்கள் குறுக்கே கதைக்க முடியாது. ஆறுதலாக வாசியுங்கள்.

ஸப்னாவுக்கு அம்பாறையில் அரசாங்க உத்தியோகம் கிடைத்தது உங்களுக்குத் தெரியும், அன்றைக்கு அவள் நியமனக் கடிதத்தைக் கட்டிப்பிடித்து அழுததும் தெரியும். காலையில் பஸ் ஏறினால் மாலையில்தான் வருவாள், எனக்கோ கடை, ஆகவே றுமானாவைப் பாண்டிருப்பில் தங்கேஸ்வரி டீச்சர் நடத்தும் டே கெயாரில் சேர்த்தோம். தங்கமான மனுசி. பிள்ளைகள் அவருடைய சாரித் தலைப்பைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு வரமாட்டோம் என்று அழும். ஆனால் ஒரு சட்டம் வைத்திருக்கிறார், பம்பர்ஸ் கட்டுகிற பிள்ளையை இந்த மாதத்துக்குப் பிறகு எடுக்கமாட்டார். "மாசம் முடியிறதுக்குள்ள புள்ளையைப் பழக்கிப்போடுங்க தம்பி. இல்லாட்டி வேற இடம் பாருங்க" என்று சொல்லிவிட்டார். வேறு இடம் இங்கே இல்லை. இடம் இல்லையென்றால் ஸப்னாவுக்கு வேலையும் இல்லை. "நான் வேலைக்குப் போறதா, வேணாமெண்டு எழுதிக் குடுக்கிறதா எண்டு உங்கட மகள்தான் சொல்லணும்" என்றாள் ஸப்னா. ஏதாவது பிழை என்றால் மட்டும் றுமானா என் மகள், நடக்கும்போதும் சிரிக்கும்போதும் அவளுடைய மகள்.

இதில் அநியாயம் என்னவென்றால், வீட்டில் றுமானா நன்றாகப் பழகிவிட்டாள். ஹஜ்ஜுப் பெருநாளைக்கு நீங்கள் வந்து நின்றபோது பழக்கியதுதான். பாத்ரூம் வாசலில் நிறுத்தி, துஆவைச் சொல்லிக் கொடுத்து, இடது காலை வைத்து உள்ளே போ, வலது காலை வைத்து வெளியே வா என்று நீங்கள் காட்டிக் கொடுத்ததை அவள் அப்படியே பிடித்துக்கொண்டாள். ஒரு நாள் அவசரத்தில் நான் வலது காலை வைத்துப் போக, வெளியே இழுத்துத் திரும்பப் போகச் சொன்னாள். இப்படிப்பட்ட பிள்ளை டே கெயாரில் மட்டும் கொமட்டில் உட்காரவே மாட்டாள். பகல் முழுவதும் அடக்கி வைத்திருந்து, மத்தியானம் எல்லாப் பிள்ளைகளும் நித்திரை கொள்ளும்போது பாயை நனைத்துவிடுவாள். பக்கத்தில் படுக்கிற டிலக்சன் என்ற பொடியன் பாவம், அவனும் சேர்ந்து நனைவான்.

தினமும் பின்னேரம் நனைந்த காற்சட்டை போட்ட பையோடு டீச்சர் என்னைக் கேற்றடியில் பிடிப்பார். "வீட்டில ஒழுங்காப் பழக்குறீங்க இல்ல தம்பி" என்பார். நான் விடுவேனா? "எங்கட வீட்டில ஒரு பிரச்சினையுமில்ல டீச்சர். இஞ்சதான் ஏதோ பிழை" என்பேன். "அப்ப மத்தப் புள்ளையெல்லாம் எப்பிடிப் போகுது?" என்பார். நான் பையை வாங்கிக்கொண்டு மோட்டார் சைக்கிளை உதைப்பேன். பிறகு ஸப்னாவும் நானும் வீட்டில் கூடி யோசித்து, டீச்சர் பிள்ளையை அதட்டுகிறார் என்று முடிவு செய்தோம். அங்கே டீச்சர், நாங்கள் பொய் சொல்கிறோம் என்று முடிவு செய்திருந்தார்.

ராத்தா, கல்முனையில் பாதி வீட்டுக்குக் கொமட் விற்றவன் நான். என் மகளை ஒரு கொமட்டில் உட்கார வைக்க முடியவில்லை என்றால் கடையில் எந்த முகத்தோடு இருப்பேன்? ரோசத்தில் கடையில் இருந்ததிலேயே விலை கூடிய சின்னக் கொமட் ஒன்றை எடுத்துக்கொண்டு போனேன். உட்கார்ந்தால் பாட்டுப் பாடும், எழும்பினால் கை தட்டும். றுமானா அதைத் திரும்பியும் பார்க்கவில்லை. டிலக்சன் ஏறி உட்கார்ந்தான், பிறகு இறங்கமாட்டேன் என்றான். சாப்பாட்டையும் அதிலேயே இருந்து தின்பேன் என்றான். மற்றப் பிள்ளைகள் தங்கள் முறைக்கு அழ, பாட்டு நிற்காமல் ஓட, டீச்சர் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு, "தம்பி, ஒங்களுக்குப் புண்ணியமாப் போகும், இதைக் கொண்டு போங்க" என்று கும்பிட்டார். கொண்டு வந்துவிட்டேன். மோட்டார் சைக்கிளில் பள்ளம் விழும்போதெல்லாம் அது எனக்குக் கை தட்டியது.

மாதம் முடிய இன்னும் சில நாள்தான் இருந்தது. ஸப்னா சாப்பிடுவதையும் குறைத்துவிட்டாள். எனக்கு மனசு கேட்கவில்லை. கடையைப் பொடியன்களிடம் விட்டுவிட்டு, "இண்டைக்கு நான் இருந்து பாக்கப் போறன் டீச்சர்" என்று சொல்லிப் பிள்ளைகளின் குட்டிக் கதிரை ஒன்றில் உட்கார்ந்தேன். அங்கே பின்வளவு மலசலகூடம் பெரியவர்களுக்கு. சின்னவர்களுக்கு, அவர்கள் விளையாடுகிற ஹோல் மூலையில் சின்னக் கொமட்டுகளை வரிசையாக வைத்திருக்கிறார்கள். டீச்சர் கூப்பிட்டதும் றுமானா நல்ல பிள்ளையாக வந்தாள். கொமட்டுக்கு முன்னால் நின்றாள். இடது காலைத் தூக்கினாள். தூக்கியபடியே இந்தப் பக்கம் பார்த்தாள், அந்தப் பக்கம் பார்த்தாள். காலை இறக்கிவிட்டுத் திரும்பிப் போனாள்.

"பாத்தீங்களா? ஒவ்வொரு நாளும் இந்த டான்ஸ்தான்" என்றார் டீச்சர்.

"ஏன் மகள் இரிக்கல்ல?" என்று கேட்டேன்.

அவள் என் காதுக்குள் வந்து, "வாப்பா, கதவு எங்க?" என்றாள்.

அல்லாஹ்வே! வாசல் இல்லாமல் இடது காலை எங்கே வைப்பது? எங்கே நின்று துஆ ஓதுவது? பிள்ளை இத்தனை நாளும் வாசலைத் தேடிக்கொண்டு நின்றிருக்கிறாள், டீச்சரிடம் கேட்க வெட்கம். நான் விஷயத்தைச் சொன்னதும் டீச்சருக்குக் கண் கலங்கிவிட்டது. உடனே சோக்கட்டியால் நிலத்தில் ஒரு கோடு போட்டார். "இது கோடு" என்றாள் றுமானா. கயிறு போட்டுப் பார்த்தோம். "இது கயிறு" என்றாள். அதற்கு மேல் நான் பொறுக்கவில்லை. கடைக்குப் போய் ஒரு பிளாஸ்டிக் பாத்ரூம் கதவை நிலையோடு த்ரீவீலரில் கட்டிக் கொண்டு வந்து, கொமட்டுகளுக்கு முன்னால் நட்டுவிட்டேன். சுற்றிவரச் சுவர் கிடையாது. ஹோல் நடுவில் தனிக் கதவு. றுமானா அதைத் தட்டிப் பார்த்தாள், திறந்தாள், வாய்க்குள் துஆவை முணுமுணுத்தாள், இடது காலை வைத்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். பக்கவாட்டில் எங்களுக்கு முழுதாகத் தெரிகிறாள். ஆனாலும் நானும் டீச்சரும் மரியாதைக்கு மற்றப் பக்கம் திரும்பி நின்றோம். பிறகு அந்தச் சத்தம் கேட்டது ராத்தா. மழைக்கு ஏங்கிக் கிடக்கிற காலத்தில் கூரையில் முதல் மழை விழும்போது நீங்கள் என்ன சந்தோசப்படுவீர்களோ, அதே சந்தோசம் எனக்கு. டீச்சர் என் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டு, பிறகு வெட்கப்பட்டு விட்டுவிட்டார்.

இப்போது எல்லாப் பிள்ளைகளுக்கும் அந்தக் கதவால்தான் போக வேண்டும். சுற்றி வர எவ்வளவு இடம் கிடந்தாலும் வரிசையில் நின்று, தட்டி, இடது காலை வைத்துத்தான் போகிறார்கள். டிலக்சனுடைய தாய் தர்சினி எனக்குப் போன் எடுத்தா. "என்ன பழக்கி விட்டிரிக்கீங்க ஸாஜித் நானா? தகப்பன் கக்கூசுக்குப் போனா, இவன் பின்னால ஓடிப்போய் 'அப்பா, இடது கால்!' எண்டு கத்துறான். அந்த மனுசன் பயந்து வெளிய வந்திட்டார்" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தா.

டீச்சர் றுமானாவைத் தொடர்ந்து வைத்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டார். ஸப்னா புதுச் சாரி எடுத்துவிட்டாள், வாய் ஓயாமல் பாட்டு. எல்லாம் நீங்கள் சொல்லிக் கொடுத்த இடது காலால் வந்த வினை, அதே இடது காலால் தீர்ந்தது. உங்களோடு சண்டை பிடிக்கத்தான் பேனை எடுத்தேன், இப்போது நன்றி சொல்லி முடிக்கிறேன். மச்சானுக்கு ஸலாம். பிள்ளைகளின் கன்னத்தில் எங்கள் பேரால் ஒவ்வொரு முத்தம். உங்கள் களஞ்சியமும் வயிறும் நிறைய அல்லாஹ் பரக்கத் செய்வானாக. வஸ்ஸலாம்.

உங்கள் அன்புத் தம்பி,
ஸாஜித்

பி.கு.: பெட்டியைக் கட்டி, இனி இறக்க முடியாதபடி லொறியில் மற்றச் சாமான்களுக்கு அடியில் ஏற்றிவிட்டு வந்து பார்த்தால், றுமானா எங்கள் வீட்டுப் பாத்ரூம் வாசலில் நின்று அழுகிறாள். உள்ளே போகமாட்டாளாம். இந்தக் கதவுக்குச் சுவர் இருக்கிறதாம். ஹோல் பாய் நனைந்துவிட்டது, ஸப்னாவின் புதுச் சாரியும் நனைந்துவிட்டது. தங்கேஸ்வரி டீச்சருக்குப் போன் எடுத்தேன். முழுவதையும் கேட்டுவிட்டு மிகவும் சந்தோசமாகச் சொன்னார்: "இஞ்ச ஒரு பிரச்சினையுமில்ல தம்பி. ஒங்கட வீட்டிலதான் ஏதோ பிழை." ஆகவே ராத்தா, பெட்டியைப் பிரிக்க வேண்டாம். வந்த லொறியிலேயே திருப்பி அனுப்பிவிடுங்கள்.