காட்டு விடுதியில் மாங்கனி இறைத்த கதை

தேதிகளைச் சரியாகச் சொல்பவனை யாரும் சரிபார்ப்பதில்லை. அவனிடம் உள்ள ஆபத்தே அதுதான். காரைக்காலில் எங்கள் தெருவில் கிருத்திகையா, அமாவாசையா என்று தெரிய வேண்டுமானால் பஞ்சாங்கத்தைப் புரட்ட மாட்டார்கள். "அந்தத் தம்பியைக் கேளு" என்பார்கள். அரசலாற்றில் எந்த வருஷம் வெள்ளம் வந்தது, எதிர் வீட்டுப் பசு எந்தக் கிழமை கன்று போட்டது என்பது வரைக்கும் குறித்து வைத்திருந்தேன். (பசுவின் சொந்தக்காரரே என்னிடம் வந்து கேட்டுவிட்டுப் போவார்.)

எண்பத்திரண்டாம் வருஷம் வைகாசியில் எனக்குக் கல்யாணம். ஆனியில் தேனிலவு. நாங்கள் நான்கு பேர் போனோம். எண்ணிக்கையில் பிழையில்லை. நீலகிரி அடிவாரத்தில், காட்டை ஒட்டி ஒரு மாடி விடுதி கட்டியிருந்தவர் என் மாமனாரின் பழைய சிநேகிதர். "அவன் எடத்துக்கு நான் வராம நீங்க மட்டும் போனா அவன் என்ன நெனைப்பான்?" என்று மாமனார் கேட்டார். அவர் கிளம்பினால் மாமியார் கிளம்பாமல் இருப்பாரா? வழியில் கோயம்புத்தூரில் மாமியாரின் தங்கை வீட்டில் ஒரு வாரம் தங்கிவிட்டுப் போவதாக ஏற்பாடு.

புறப்படும் முன் மாமியார் என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டார்.

"மாப்பிள்ள, மாங்கனிக்குள்ள ஊருக்குத் திரும்பிருவோம்ல? செல்விக்கு நல்லபடியா கல்யாணம் முடிஞ்சா அந்த வருஷமே என் கையால இறைக்கிறேன்னு வேண்டிக்கிட்டிருக்கேன். தப்பிடக் கூடாது."

எங்கள் ஊர்க்காரர்களுக்கு மாங்கனித் திருவிழாவை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். ஆனிப் பௌர்ணமியன்று பிச்சைக் கோலத்துச் சிவனான பிச்சாண்டவர் வீதியுலா வரும்போது, வேண்டுதல் உள்ளவர்கள் வீட்டு மாடியிலிருந்து மாம்பழங்களை வீசுவார்கள். கீழே நிற்கும் கூட்டம் எம்பி எம்பிப் பிடிக்கும். வீசிய பழம் ஒருவர் கைக்காவது போய்ச் சேர்ந்தால்தான் வீசியவருக்குத் திருப்தி.

"நிறைய நாள் இருக்கு அத்தை. கவலைப்படாதீங்க" என்றேன். போன வருஷத்துத் தேதி என் நாக்கு நுனியில் இருந்தது. பௌர்ணமி வருஷா வருஷம் இடம் மாறும் என்பதும் எனக்குத் தெரியும். இரண்டையும் ஒரே நேரத்தில் யோசிக்கத்தான் தவறிவிட்டேன்.

காட்டில் என்னென்ன எதிர்பார்க்கலாம் என்று மூன்று புத்தகங்கள் படித்திருந்தேன். கோயம்புத்தூரிலிருந்து விடுதிக்குப் போகும் பஸ்ஸிலேயே உபதேசத்தைத் தொடங்கிவிட்டேன். பளிச்சென்ற நிறத்தில் உடுத்தக் கூடாது, உரக்கப் பேசக் கூடாது, அட்டைக்கு உப்பு வைத்திருக்க வேண்டும், தலையில் மல்லிகைப்பூ கூடாது. (செல்வி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மாமியார் பூவை எடுக்கவே இல்லை.) முக்கியமாக, வாசனையுள்ள பழங்களை அறைக்கு வெளியே கொண்டுவரவே கூடாது.

அப்போது மாமனாரின் மடியில் ஒரு கூடை மாம்பழம் இருந்தது. சிநேகிதருக்கு அன்பளிப்பு.

"அப்ப இத என்ன பண்றது முசியே?" என்றார். பிரெஞ்சுக்காரர் காலத்தில் அலுவலகத்தில் இருந்தவர். என்மேல் எரிச்சல் வரும்போது மட்டும் என்னை முசியே, அதாவது பிரெஞ்சில் 'ஐயா', என்று அழைப்பார். கல்யாணத்துக்குப் பிறகு 'மாப்பிள்ளை' என்று அவர் அழைத்ததாக என் குறிப்புகளில் இல்லை.

"அலமாரியில வெச்சுப் பூட்டிடணும் மாமா."

சிநேகிதர் இரண்டு நாள் கழித்துத்தான் வருவதாக இருந்தது. விடுதியில் மின்சாரம் இல்லை. குளியலறையில் தவளை இருந்தது. படுக்கைமேல் மரவட்டை ஊர்ந்தது. இதெல்லாம் இயற்கையோடு இயைந்த வாழ்க்கை என்று நான் விளக்கிக்கொண்டிருந்தேன். மாமனார் மரவட்டையைத் தட்டிவிட்டு, "இதெல்லாம் நம்ம வீட்டுக் கொல்லையிலயே இருக்குதே. இதுக்கா பஸ் ஏறி வந்தோம்?" என்றார்.

மறுநாள் மத்தியானம் சாப்பாட்டுக் கூடத்தில் மாமியார் அப்படியே நின்றுவிட்டார். சுவரில் தினக் காலண்டர் தொங்கியது. விடுதிக் காவலையும் சமையலையும் சேர்த்துப் பார்த்துக்கொண்டிருந்த மாதையன் அப்போதுதான் பழைய தாள்களைக் கிழித்துப் போட்டிருந்தான்.

"மாப்பிள்ள, இன்னிக்குப் பௌர்ணமின்னு போட்டிருக்கே?"

நான் போய்ப் பார்த்தேன். ஆனி. பௌர்ணமி. காலண்டர் தவறாக அச்சாகியிருக்கலாம் என்று சொல்ல வாயெடுத்து, மாமனாரின் முகத்தைப் பார்த்து மூடிக்கொண்டேன்.

மாமியார் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் நாற்காலியில் உட்கார்ந்து புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "வேண்டிக்கிட்டத செய்யலன்னா பொண்ணுக்கில்ல ஏதாவது ஆகும்" என்றார். செல்வி என்னைப் பார்த்தாள். இரண்டு மாதம்கூட ஆகாத கல்யாணத்துக்கு அது நல்ல பார்வை இல்லை.

அந்தப் பார்வையில்தான் எனக்கு அந்த யோசனை உதித்தது.

"அத்தை, மாடி இருக்கு. மாம்பழம் இருக்கு. நாள் இன்னும் முடியல. இங்கேயே இறைச்சிடலாமே!"

"யாரு பிடிக்கறது? சாமி எங்க?" என்றார் மாமனார்.

காலண்டர் அட்டையில் சிவபெருமான் குடும்பத்தோடு இருந்தார். மாமியார் கண்ணைத் துடைத்துவிட்டுப் பார்த்தார். "இருக்கட்டும். சாமி சாமிதான்" என்றார்.

"யானை கீனை வருமா?" என்று மாதையனைக் கேட்டேன்.

"இந்தப் பக்கம் ஆனை வந்து ரெண்டு வருசமாச்சு சார்."

மாலை வெயில் சாயும் நேரம் திருவிழா தொடங்கியது. காலண்டரைத் தலைமேல் தூக்கிக்கொண்டு விடுதியை நான் வலம் வந்தேன். மாடியில் மாமனார் மேளத்துக்குப் பதிலாக மண்ணெண்ணெய் டின்னைத் தட்டினார். பழம் கேட்டு நிற்கும் கூட்டமும் நான்தான் என்பதால், மாடிக்கு நேர் கீழே வந்ததும் காலண்டரைச் சுவரில் சாய்த்துவிட்டு, வேட்டி முனையை இரண்டு கையாலும் விரித்து நின்றேன். அலமாரியிலிருந்து நானே எடுத்துக் கொடுத்த கூடை மாமியார் பக்கத்தில் இருந்தது. மூன்று புத்தகங்களும் என் பெட்டிக்குள் மௌனமாக இருந்தன.

முதல் பழம் நழுவி உருண்டது. இரண்டாவதைப் பிடித்தேன். மூன்றாவது வந்தபோது வேட்டியிலிருந்த இரண்டாவதைப் பின்னாலிருந்து யாரோ மெதுவாக எடுத்தார்கள்.

"பொறு மாதையா. எல்லாருக்கும் உண்டு" என்றேன், திரும்பாமலே.

டின் சத்தம் நின்றது. அண்ணாந்து பார்த்தேன். மாமனாரின் கை அந்தரத்தில் நின்றிருந்தது. மாமியார் கண்களில் நீர் வழியக் கைகூப்பிக்கொண்டிருந்தார். என் யோசனை அவர்களை இவ்வளவு உருக்கிவிட்டதே என்ற பூரிப்பில் வேட்டியை இன்னும் அகலமாக விரித்தேன்.

"பின்னால பாருங்க!" என்று செல்வி கத்தினாள்.

கல்யாணமான நாளிலிருந்து அப்பா அம்மா முன்னால் அவள் என்னிடம் நேராகப் பேசியது அதுவே முதல் தடவை. அந்தப் பெருமையில் அவளைப் பார்த்து ஒரு புன்னகைகூடச் செய்தேன். மூன்றாவது பழமும் வேட்டியிலிருந்து போனபோதுதான் கழுத்தில் வெந்நீர்ப் பானையைத் திறந்தது போல மூச்சுக் காற்று பட்டது.

கொம்பன். என் தலைக்கு மேலே காது, காதுக்கு மேலே மலை.

ஓடினேன் என்று சொல்வது மரியாதை. வேட்டி ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். சமையலறைக் கதவைத் தட்டினேன். உள்ளே மாதையன் தாழிட்டுக்கொண்டு, "ஆனை போனதும் சொல்லுங்க சார்" என்றான். முற்றத்துச் சிமென்ட் தொட்டிக்குள் குதித்துக் கழுத்து வரைக்கும் தண்ணீரில் உட்கார்ந்தேன்.

மாடியில் மாமியார் நிறுத்தவில்லை. "பிள்ளையாரே! வந்துட்டியாப்பா! இந்தா!" என்று ஒவ்வொரு பழமாக வீசினார். கொம்பன் கொட்டையோடு வாங்கிக்கொண்டது. "அடியே, உள்ள வா!" என்று மாமனார் இழுத்தார். "நீங்க டின்ன தட்டுங்க, சாமி நிக்கிது!" என்று மாமியார் அதட்டினார். மாமனார் தட்டினார். யானையை விரட்டத் தட்டினாரா, உபசரிக்கத் தட்டினாரா என்று இன்றுவரை அவரே சொன்னதில்லை.

கூடை காலியானது. கொம்பன் காலண்டரையும் முகர்ந்து பார்த்துத் தின்றது. பிறகு தொட்டிக்கு வந்து தண்ணீர் குடிக்க ஆரம்பித்தது. கழுத்தளவு இருந்த தண்ணீர் மார்பளவானது. பிறகு இடுப்பளவு. என் மறைவிடத்தையே அது குடித்துக்கொண்டிருந்தது. கடைசித் துதிக்கைத் தண்ணீரை என் தலையிலேயே பீய்ச்சிவிட்டு மூங்கில் புதருக்குள் போயிற்று.

இறங்கி வந்த மாமியாரின் முகத்தில் அப்படி ஒரு தெளிவு. "ஊர்ல இறைச்சிருந்தா எந்தக் கையில போயிருக்குமோ. இங்க அவரே வந்து வாங்கிக்கிட்டாரு. என் பொண்ணுக்கு ஒரு குறையும் வராது" என்றார். செல்வி சிரிப்பை அடக்க முடியாமல் என் தலையைத் துவட்டினாள், அதுவும் பெற்றோர் முன்னிலையில். மாமனார் தொட்டியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"தேதி தப்பு. எடம் சரி" என்றார். பிறகு, கொஞ்சம் தயங்கி, "உள்ள வாங்க மாப்பிள்ள" என்றார்.

மறுநாள் சிநேகிதரிடம் வெறும் கூடையைக் கொடுத்தோம். பின்னல் நன்றாக இருப்பதாக அவர் பாராட்டினார்.

ஊரில் இப்போது என்னிடம் யாரும் தேதி கேட்பதில்லை. வருஷம் பிறந்தால் மாமனார் வீட்டிலிருந்து எனக்கு ஒரு தினக் காலண்டர் வந்துவிடும். மாமியார் அந்த வேண்டுதலை வருஷா வருஷம் செய்வதாக மாற்றிக்கொண்டார். மாங்கனியன்று சொந்த வீட்டு மாடியில் அவர் கூடையோடு நிற்க, கீழே கூட்டத்தில் நான் வேட்டியை விரித்து நிற்க வேண்டும். அது என் நிரந்தர இடம். முதல் பழத்துக்கு முன்னால் மாடியிலிருந்து குடும்பமே கத்தும்: "பின்னால பாருங்க!" இப்போது தெருக்காரர்களும் சேர்ந்து கத்துகிறார்கள்.

அத்தனை ஜனத்துக்கு நடுவில் என் பின்னால் கொம்பன் வந்து நிற்க வழியே இல்லை என்று எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் திரும்பிப் பார்க்கிறேன். பார்க்கும் அந்த நொடியில் பின்மண்டையில் 'நொத்'தென்று மாம்பழம் விழும்.

மாமியாருக்கு இதுவரை ஒரு வருஷம்கூடக் குறி தப்பியதில்லை.