யூதாஸுக்கு ஒரு நன்றி

நன்றியுரை எழுதுகிறவர்களை நம்பாதீர்கள். நான் ஒன்று எழுதி, ஒரு மனிதரைக் கடலிலிருந்தே இறக்கிவிட்டேன்.

அமெரிக்காவில் எனக்கு வழிகாட்டும் எங்கள் பேராசிரியை, பழைய ஆங்கில நகரங்களில் தச்சரும் மீன்காரரும் தெருவில் போட்ட நாடகங்களை ஆராய்பவர். யார் எந்த வேஷம் கட்டினார்கள் என்று பார்த்தால் ஊரில் யாருக்கு என்ன இடம் என்பது தெரிந்துவிடும் என்பார். அவருடைய ஆய்வு மாணவியான நான், அதையே நம் பக்கத்தில் பார்க்கிறேன் என்று துள்ளிக்கொண்டு, தருவைகுளத்துக்கு வடக்கே ஒரு கடற்கரை ஊருக்குப் போனேன். தவக்காலத்தில் அங்கே இயேசுவின் பாடுகளை நடிப்பார்கள்.

யூதாஸ் வேஷத்துக்கு மட்டும் சீட்டுப் போடுவார்கள். சீட்டு விழுந்தவர் முகத்தைத் துணியால் மூடிக்கொண்டு நடிப்பார். நடையை வைத்தே ஊருக்கு ஆளைத் தெரியும். பெயரை யாரும் சொல்லமாட்டார்கள். சொல்லிவிட்டால், யூதாஸின் சாபம் ஒட்டிக்கொள்ளும் என்று பயந்து அவரோடு ஒருவரும் மீன்பிடி வள்ளத்தில் ஏறமாட்டார்கள். (இதையும் எனக்குச் சொல்லியிருக்கிறார்கள், என் ஒலிப்பதிவில் தெளிவாக இருக்கிறது. நான் அப்போது ரெக்கார்டரின் பேட்டரி அளவைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.)

அந்த வருஷம் சீட்டு மிக்கேல் அண்ணனுக்கு. ரெக்கார்டரைப் பார்த்துக்கொண்டே அவரே என்னிடம் சொன்னார்.

"இது எங்கன வரைக்கும் போவும் தங்கச்சி?"

"அமெரிக்கா வரைக்கும் போகும்ண்ணே."

"அப்பம் சரி. ஊருக்குள்ள வராதுல்லா."

நாங்கள் நம்மூர் நாசரேத் பக்கம், இயேசுவின் ஊர் இல்லை. கல்யாணமோ அடக்கமோ, அச்சடித்து நன்றி சொன்னால்தான் எங்கள் குடும்பத்துக்குச் சோறு இறங்கும். நாடகத்தன்று காலையில் கோயில் வாசலில் நின்று, நடிப்பவர்களுக்கெல்லாம் பெயர் போட்டு நன்றி சொல்லும் துண்டுத்தாளை நானே கொடுத்தேன். யூதாஸ்: மிக்கேல். பக்கத்தில், "உருக்கமான நடிப்பு." (நாடகம் இன்னும் தொடங்கவே இல்லை.)

வாங்கியவர்கள் வாசித்து, மடித்து, என்னைப் பார்க்காமல் போனார்கள். பக்தி என்று நினைத்துக்கொண்டேன். மிக்கேல் அண்ணன் வேலை பார்த்த வள்ளத்தின் சொந்தக்காரர் மட்டும் நின்றார்.

"ஏளா, இத ஒன்ன யாரு எழுதச் சொன்னா?"

"ஒரு மரியாதைக்குத்தான் அண்ணாச்சி..."

"மரியாதையா? இனி எவன் அவன்கூட ஏறுவான்? அவனுக்கு ரெண்டு பிள்ளையோ இருக்கு, தெரியுமா?"

ஈஸ்டர் முடிந்து வள்ளங்கள் போயின. மிக்கேல் அண்ணன் கரையில் நின்றார். நான் வீடு வீடாகப் போய்க் கெஞ்சினேன். "ஒம்மேல கோவம் இல்லம்மா. ஆனா பயம் பயந்தான்" என்றார்கள். அவர் உப்பளத்து வேலைக்குப் போனார். இது மூன்றாவது வருஷம். நடந்ததையெல்லாம் நான் எழுதிய ஆய்வேட்டு அத்தியாயத்தின் ஓரத்தில் பேராசிரியை குறித்திருந்தார்: "அருமையான சான்று."

எங்கள் வீட்டில் இப்போது யார் ரகசியம் பேசினாலும் அம்மா, "மெதுவா பேசுங்க, இவ நன்றி சொல்லிருவா" என்பாள். போன மாதம், தன் மகள் முதன்முதலாக நற்கருணை வாங்கும் புதுநன்மைக்கு அழைக்க மிக்கேல் அண்ணன் வந்திருந்தபோதும் வாய்தவறி அதையே சொல்லிவிட்டாள். அவர்தான் முதலில் சிரித்தார். பிறகு எல்லோரும் சிரித்தார்கள்.

உப்பு அறுத்து விரலெல்லாம் வெடித்திருந்தது அவருக்கு. காபி டம்ளரைப் பிடிக்க இரண்டு கையும் வேண்டியிருந்தது.