தீர்ந்துபோன குறைகள்

ஒரு கல்லூரி தானாகவே முன்வந்து "என்னை அளந்து பாருங்கள்" என்று நிற்பதைவிட உயர்ந்த செயல் கல்வி வரலாற்றில் இல்லை. தங்கம்கூட உரைகல்லிடம் தானாக நடந்து போனதில்லை. எங்கள் கல்லூரி போனது. போகாவிட்டால் வரும் ஆண்டில் புதிய பாடப்பிரிவுகள் தொடங்க முடியாது என்று யாரோ சொன்னதற்கும் இதற்கும் தொடர்பில்லை. இது முழுக்க முழுக்கத் 'தன்னார்வத் தர மதிப்பீடு'.

தாளாளர் ஆசிரியர் கூட்டத்தில் இதைத் தெளிவாக்கினார்.

"இதுல யாருக்கும் கட்டாயம் கிடையாது. எல்லாரும் கண்டிப்பா தன்னார்வத்தோட வேலை செய்யணும். ஆர்வம் இல்லாதவங்க பேரை எழுதி என்கிட்ட குடுங்க."

அன்று மாலைக்குள் எல்லோருக்கும் ஆர்வம் வந்துவிட்டது.

நான் வேதியியல் துறையில் விரிவுரையாளர். கூட்டங்களில் சுவரோரம் உட்கார்வேன். வாய் திறந்ததில்லை. அந்த நற்பண்பே என்னை உயர்த்தியது.

மதிப்பீட்டுக் கையேட்டில் ஒரு விதி இருந்தது. மாணவர்களிடமிருந்து எத்தனை குறைகள் வந்தன, எத்தனை தீர்க்கப்பட்டன என்று கல்லூரி காட்ட வேண்டும். அதற்கு மதிப்பெண் உண்டு. எங்கள் கல்லூரியிலோ குறை என்பதே கிடையாது. குறைப்பெட்டி முதல்வரின் அறைக்குள், அவர் நாற்காலிக்குப் பின்னால் பத்திரமாக இருந்தது. அதில் இதுவரை ஒருவரும் ஒன்றும் போட்டதில்லை. மாணவர்களின் மனநிறைவுக்கு வேறு சான்று வேண்டுமா?

தர ஒருங்கிணைப்பாளர் மட்டும் தலையில் கை வைத்துக்கொண்டார். எதைப் பார்த்தாலும் அதற்கு எத்தனை மதிப்பெண் என்று அளப்பதால் மாணவர்கள் அவரை 'அடிஸ்கேல்' என்பார்கள்.

"சார், குறை இல்லாததுதான் நம்ம பெரிய குறை. பக்கத்துக் கல்லூரியில குறை குவிஞ்சு கிடக்காம். முழு மார்க் வாங்கிட்டாங்க."

"நம்ம பசங்க ஏன் சொல்ல மாட்டேங்கிறாங்க?" என்றார் முதல்வர்.

"பொறுப்பு பத்தாது சார்."

முதல்வரின் பார்வை அறையைச் சுற்றி வந்து என்மேல் நின்றது.

"மேடம், நீங்கதான் சரியான ஆள். வேலைக்குச் சேர்ந்ததிலேர்ந்து ஒரு குறை சொன்னதில்ல. இனிமே குறை தீர்க்கும் குழுவுக்கு நீங்கதான் தலைவி. ஒண்ணு மட்டும் ஞாபகம் வச்சுக்குங்க. தீர்ந்த குறையாப் பார்த்து வாங்கணும். தீராத குறை நமக்கு வேண்டாம்."

முறை எளிது. முதலில் தீர்வை எடுத்துக்கொள்ள வேண்டும். பிறகு அதற்கேற்ற குறையைத் தேட வேண்டும். விளைபொருளை வைத்து வினைபடுபொருளைக் கண்டுபிடிப்பது வேதியியல்காரர்களுக்குப் புதிதல்ல.

வரவேற்பறைக்கு மீன்தொட்டி வாங்கியிருந்தார்கள். ஆகவே இறுதியாண்டு மாணவர்கள், "வரவேற்பறையில் மீன்கள் இல்லாததால் படிப்பில் மனம் செல்லவில்லை" என்று எழுதிக் கொடுத்தார்கள். தாளாளர் புதிய கார் வாங்கியிருந்தார். "தாளாளர் பழைய காரில் வருவதைக் கண்டு உறக்கமின்றித் தவிக்கிறோம்" என்று ஒரு வகுப்பே கையெழுத்திட்டது. அடிஸ்கேல் அதைப் படித்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"இதுதாம்மா இலக்கியம்."

ஒரு வாரத்தில் கைவசமிருந்த தீர்வுகள் முடிந்துவிட்டன.

"சார், குறையெல்லாம் தீர்ந்துபோச்சு," என்றேன் முதல்வரிடம்.

"எந்த அர்த்தத்துல சொல்றீங்க?"

"ரெண்டு அர்த்தத்துலயும் சார்."

இந்த நேரத்தில்தான் 'விசில்' வந்தாள். இரண்டாம் ஆண்டு வேதியியல் மாணவி. இளைப்பு வந்தால் நெஞ்சுக்குள் விசிலடிக்கும். தோழிகள் வைத்த பெயர், அவளுக்கும் அதில் வருத்தமில்லை.

"மேம், குறை வாங்குறீங்களாமே?"

"வாங்குறேன். தீர்ந்ததா, தீராததா?"

"தீராதது. லேப்ல எக்ஸாஸ்ட் ஃபேன் இல்ல. அமோனியா டெஸ்ட் வந்தா எனக்கு மூச்சு முட்டுது, பாதியில வெளிய ஓடிடுறேன். வருகைப் பதிவு குறைஞ்சுகிட்டே வருது மேம். இன்னும் ரெண்டு லேப் விட்டா பிராக்டிகல் பரீட்சைக்கு உட்கார விட மாட்டாங்க. ஒரு வருஷமே போயிடும்."

ஜன்னலைத் திறக்கலாம். ஆனால் மதிப்பீட்டுக் குழுவை வரவேற்கும் பேனர் வெளிச்சுவரில் எல்லா ஜன்னல்களையும் மூடிக்கொண்டு தொங்கியது. 'தூய காற்று, தூய கல்வி' என்று அதில் எழுதியிருந்தது.

அவள் எழுதிய தாளை முதல்வரிடம் கொண்டுபோனேன். படித்ததும் முகம் மாறியது.

"என்ன மேடம் இது, நிஜக் குறை மாதிரி இருக்கு?"

"நிஜம்தான் சார்."

"நிஜத்தையெல்லாம் ஏன் இதுல கலக்குறீங்க?"

"ஃபேன் போட்டா தீர்ந்துடும் சார்."

அடிஸ்கேலுக்கு முகம் மலர்ந்தது. "போட்டுடலாம் சார்! குழு கேட்டா கண்ணால காட்ட ஒண்ணாவது வேணுமே."

ஃபேன் வந்தது. சுவரின் உச்சியில், கட்டடம் கட்டியபோதே விட்டிருந்த வட்ட ஓட்டையில் அதைப் பொருத்தினார்கள். ஒயர் வரவில்லை. புதுப் பெயின்ட் அடித்த சுவரில் ஒயர் ஓடினால் அழகு கெடும். வளாக அழகுக்குத் தனி மதிப்பெண். கோப்பில் 'தீர்ந்தது' என்று முத்திரை விழுந்தது. ஓட்டை வழியாக இதுவரை வந்துகொண்டிருந்த கொஞ்சநஞ்சக் காற்றையும் ஃபேனின் மூடி தடுத்துவிட்டது.

"முன்னாடி ஓட்டையாவது இருந்துச்சு மேம்," என்றாள் விசில். அன்றும் பாதியில் வெளியே ஓடினாள்.

குழு வந்தது. தலைவர் எங்கள் கோப்பை ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். "அருமை. தீர்ந்த குறை ஏதாவது ஒண்ணை நேர்ல பார்க்கலாமா?" என்றார்.

காரைக் காட்ட முடியவில்லை, தாளாளர் அதில் வெளியே போயிருந்தார். மீன்களைக் காட்ட முடியவில்லை, காலையிலிருந்து அவை மல்லாந்து மிதந்தன. எல்லோரும் ஆய்வகத்துக்கு நடந்தோம். வெள்ளைக் கோட்டுடன் மாணவிகள் வரிசையாக நின்றார்கள். தலைவர் அண்ணாந்து பார்த்தார்.

"சத்தமே கேட்கலையே?"

"சத்தம் வராத மாடல் சார்," என்றார் அடிஸ்கேல்.

"சுத்தற மாதிரியும் தெரியலையே?"

"வேகம் அப்படி சார். ரொம்ப வேகமா சுத்தினா நிக்கிற மாதிரிதான் தெரியும்."

தலைவர் மெல்லத் தலையாட்டினார். அறிவியலுக்கு அவர் கொடுத்த மரியாதை அது. அப்போது வரிசையிலிருந்து ஒரு குரல்.

"சார், அது சுத்தல. ஒயரே இல்ல."

முதல்வர் சுவரைப் பிடித்துக்கொண்டார். தலைவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு விசிலைப் பார்த்தார்.

"யார் முன்னாடி பேசுறேன்னு தெரியுமாம்மா?"

"தெரியும் சார்."

"தெரிஞ்சுமா பேசுறே?"

"மூச்சு இருக்கறப்பவே பேசிடணும்னுதான் சார்."

அறையில் யாரும் அசையவில்லை. ஃபேனும்தான். தலைவர் முதல்வர் பக்கம் திரும்பி அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"இப்படி ஒரு துணிச்சலை நான் எந்தக் கல்லூரியிலயும் பார்த்ததில்ல! 'மாணவர் அச்சமின்றிக் கருத்துரைக்கும் சூழல்'னு ஒரு விதி இருக்கு. முழு மார்க் போடுங்க."

பக்கத்திலிருந்த உறுப்பினர் போட்டார். ஃபேனைப் பற்றி அதன் பிறகு பேச்சில்லை. அது வேறு விதியின் கீழ் ஏற்கெனவே தீர்ந்திருந்தது.

கல்லூரிக்கு மிக உயர்ந்த தரம் கிடைத்தது. பழைய பேனரை இறக்கிவிட்டு, தரச்சான்றிதழையே அதைவிடப் பெரிய பேனராக ஜன்னல்கள்மேல் ஏற்றினார்கள். விசிலை அழைத்துக்கொண்டு முதல்வர் அறைக்குப் போனேன்.

"வாம்மா! உன்னாலதான் இந்தத் தரமே. என்ன வேணுமோ கேளு."

"ஒயர் சார்."

அடிஸ்கேல் பதறிப்போனார். "அது மட்டும் முடியாதும்மா. 'ஓடாத ஃபேனை மாணவி சுட்டிக்காட்டினார்'னு குழு பாராட்டி எழுதியிருக்கு. இப்ப ஓட விட்டா அறிக்கை பொய்யாயிடாதா?"

"ஓடினா நல்லதுதானே சார்?"

"நல்லது வேற, தரம் வேற. அடுத்த தடவை குழு வந்தா மறுபடி சுட்டிக்காட்ட ஏதாவது வேணும்ல?"

நான் முதன்முறையாகச் சலுகை கேட்டு வாய் திறந்தேன். "சார், இவளுக்கு வருகைப் பதிவுலயாவது கொஞ்சம் பார்த்து..."

"அதெல்லாம் பழைய காலம் மேடம்," என்றார் முதல்வர், வருத்தத்துடன். "இப்ப நாம தரமான கல்லூரி. சலுகை காட்டினா தரம் இறங்கிடும்."

பிராக்டிகல் தேர்வுக்குத் தகுதியற்றோர் பெயர்கள் அறிவிப்புப் பலகையில் ஏறிய அன்றுதான் பாராட்டு விழா. பலகையில் அவள் பெயர் இருந்தது. மேடையிலும் அவள் பெயரையே கூப்பிட்டார்கள். 'அச்சமற்ற குரல்' விருது. பதக்கத்தை வாங்கிக்கொண்டு மைக் முன்னால் நின்றாள். அரங்கம் முழுவதும் மெல்லிய விசில் ஒலி பரவியது. மைக்கில்தான் கோளாறு என்று நினைத்து மைக்செட்காரர் அதை அணைத்துவிட்டார். அவள் ஏதோ சொன்னாள். கேட்கவில்லை. எல்லோரும் கைதட்டினோம்.

மைக்கைச் சரிசெய்த பின் முதல்வர் நெகிழ்ந்து பேசினார்.

"இந்தச் சான்றிதழுக்காக மாசக்கணக்கா நாங்க மூச்சுவிட நேரமில்லாம உழைச்சோம்."

முழு உண்மை. அவர்கள் தங்கள் மூச்சைத் தொடவே இல்லை. அவ்வளவு பெரிய சான்றிதழை அவள் ஒருத்தியின் மூச்சிலிருந்தே எடுத்துவிட்டார்கள்.