ஆக்டர் மாமாவை வெட்டியவர்கள்

அந்தமானில் எங்கள் வண்டூரில் சினிமாவில் நடித்தவர் ஒருவர்தான். மற்றவர்கள் எல்லாம் அவரிடம் மாட்டிக்கொண்டு அந்தப் படத்தைப் பார்த்தவர்கள்.

அவர் போட் இன்ஜின் மெக்கானிக். எப்போதோ மெயின்லேண்டிலிருந்து ஒரு படக்குழு வந்து எங்கள் கடற்கரையில் பாட்டு எடுத்தபோது, ஐஸ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு குறுக்கே நடக்கச் சொன்னார்களாம். நடந்தார். அன்றிலிருந்து ஊருக்கே அவர் ஆக்டர் மாமா.

இன்ஜின் ரிப்பேர் என்று போனால் முதலில் டிவிடி ஓடும். பாட்டு வந்ததும், "இந்தா, இப்பப் பாரு மக்கா!" என்று பாஸ் பட்டனை அமுக்கிப் படத்தை நிறுத்திவிட்டு, டிவிக்கு முன்னால் போய் நின்று விரல் வைத்துக் காட்டுவார். அவர் உடம்புக்கு அந்தச் சின்ன டிவி முழுசாக மறைந்துவிடும். ஆக, இத்தனை வருஷமும் நாங்கள் பார்த்தது டிவியை மறைத்த மாமாவைத்தான். "ஆஹா, பிரமாதம்!" என்போம். இன்ஜின் ஓடவேண்டுமே!

போன மழைக்காலத்தில் பிளேயர் செத்தது. போர்ட் பிளேர் மரைன் ஹில்லில் இருக்கும் அவர் மருமகன் வந்து சுவரளவு டிவி மாட்டி, "இனிமே டிவிடியெல்லாம் வேஸ்ட் மாமா, எல்லாம் நெட்லயே இருக்கு" என்று அதே படத்தைப் போட்டுக் காட்டினார். பாட்டு வந்தது. ஹீரோயின் ஓடினாள். பாட்டு பாதியிலேயே முடிந்து சண்டை ஆரம்பித்துவிட்டது.

"மாதாவே! என்னைய வெட்டிட்டானுவளே!"

உடனே அந்தப் பட ஆப்பின் கஸ்டமர் கேருக்குப் போன். "மேடம், மேரா சீன் கஹாங் கயா?" என்று தன் சீன் எங்கே போனதென்று இந்தியில் கேட்டார். அந்தப் பெண் ஆப்பை மூடித் திறக்கச் சொன்னாள். திறந்தார். அப்போதும் அவர் இல்லை.

"நெஜமாவே நடிச்சீங்களா மாமா?" என்று மருமகன் சிரித்தார் பாருங்கள், எனக்கே பற்றிக்கொண்டு வந்தது. மாமா டிவியை அணைத்துவிட்டார். அதன்பின் பட்டறைக்கு வந்தவர்களிடம் படத்தைப் பற்றி வாயே திறக்கவில்லை. ஊரே என்னவோபோல் ஆகிவிட்டது.

நான் கேட்கிறேன், யாரைக் கேட்டு வெட்டினார்கள்? மாதாமாதம் காசையும் வாங்கிக்கொண்டு பாதிப் பாட்டைக் கொடுப்பது எந்த ஊர் நியாயம்? மாமாவின் அலமாரியில் இருக்கும் டிவிடிக்குள் எவனாவது கத்தரிக்கோலோடு நுழைந்துவிட முடியுமா? போர்ட் பிளேர் கடையில் பிளேயர் கேட்டால், "மியூசியத்துல பாருங்க அங்கிள்" என்கிறான். திமிர்!

கடைசியில் மாயாபந்தரில் ஒரு சிநேகிதர் வீட்டுப் பரணில் பழைய பிளேயர் ஒன்று கிடைத்தது. பஸ்ஸில் மடியிலேயே வைத்துக் கொண்டுவந்தேன். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து எல்லோரும் மாமா வீட்டில் கூடினோம். மருமகனும் வந்திருந்தார். பாட்டு வந்தது. மாமா வழக்கம்போல் முன்னால் போய் நின்றார். அந்தச் சுவரளவு டிவியை மறைக்க அவர் போதவில்லை. முதல்முறையாக நாங்கள் காட்சியைப் பார்த்தோம்.

ஐஸ் பெட்டி இருந்தது. தூக்கிப் போகிறவரின் முகம்தான் இல்லை. வெறும் முதுகு.

"முதுகுதானே மாமா! இது யாரா வேணா இருக்கலாமே," என்றார் மருமகன்.

"நான்தான் மக்கா..." என்றார் மாமா.

"ஏன்யா, மாமா முதுகு தெரியாதா உமக்கு?" என்று கத்தியே விட்டேன். கடலிலிருந்து திரும்பும்போது படகுத்துறையில் எவ்வளவு கூட்டம் இருந்தாலும் நான் முதலில் தேடுவது அந்த முதுகைத்தான். அது கண்ணில் பட்டால்தான் ஊர் வந்து சேர்ந்ததாக எனக்கு இருக்கும்.