வாசலில் மாட்டக் கூடாத போர்டு

துணி அறை, கீழ்த்தளம்.
எல்லோரும் தூங்கிய பிறகு.

பாசத்துக்கும் மரியாதைக்கும் உரிய மாமா அவர்களுக்கு,

உங்கள் அக்கா மகள் பயந்துகொண்டே எழுதுவது. நீங்கள் நலமாக இருக்கிறீர்கள் என்பது மொட்டை மாடி அறையிலிருந்து இங்கே வரைக்கும் கேட்கிற உங்கள் குறட்டையிலிருந்து தெரிகிறது. இன்னும் பல்லாண்டு இதே சத்தத்தோடு நலமாக இருக்க வேண்டும். நான் நலமாக இல்லை. நாளைக் காலை பத்து மணிக்குப் பிறகு எப்படி இருப்பேன் என்று சொல்லவே முடியாது.

ஒரே லாட்ஜில் இருந்துகொண்டு இவள் எதற்குக் கடிதம் எழுதுகிறாள் என்று நினைப்பீர்கள். மேலே வந்து கதவைத் தட்டலாம்தான். ஆனால் உங்களை எழுப்புகிற அளவுக்குத் தட்டினால் மூன்று மாடியில் தங்கியிருப்பவர்களும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கீழே ஓடி வருவார்கள். கவுன்டருக்குப் பின்னால் மடக்குக் கட்டிலில் படுத்திருக்கிற அப்பாவும் எழுந்துவிடுவார். அதனால் இதை உங்கள் கதவுக்கு அடியில் தள்ளிவிடப் போகிறேன். பல் துலக்குவதற்கு முன்னால், முக்கியமாக ஏணியைத் தொடுவதற்கு முன்னால், படித்துவிடுங்கள்.

விஷயம் நாளைக்கு நீங்கள் வாசலில் மாட்டப்போகிற அந்த போர்டு பற்றியது. அதை மாட்டக் கூடாது மாமா. காரணத்தை முதலிலிருந்து சொல்கிறேன். ஹோட்டலோ, லாட்ஜோ, நாள் வாடகைக்கு விடுகிற வீடோ, எதுவாக இருந்தாலும், தங்குகிறவர் கடைசியில் கொடுக்கப்போகிற முழுத் தொகையை முதலிலேயே வாசலில் எழுதி வைக்க வேண்டும் என்று அரசு உத்தரவு வந்தது உங்களுக்குத் தெரியும். அன்றிலிருந்து அப்பாவுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. “முழுத் தொகையையும் வாசல்லயே சொன்னா எவன் உள்ள வருவான்? முதல்ல ஆளை உக்கார வைக்கணும். உக்காந்து ஷூவைக் கழட்டிட்டான்னா அப்புறம் எது சொன்னாலும் சரின்னுதான் சொல்லுவான்” என்றார். அம்மா தட்டைக் கழுவிக்கொண்டே, “சரின்னு சொல்றது ராத்திரி உங்ககிட்ட. கத்துறது காலைல என்கிட்ட” என்றாள்.

அம்மா சொல்வது உண்மைதான். சாயங்காலம் அப்பா கவுன்டரில் உட்கார்ந்து, “ஐந்நூறுதான் சார், உங்க வீடு மாதிரி நினைச்சுக்குங்க” என்று சிரிப்பார். காலையில் பில் போடும் நேரம் வந்தால் அவருக்கு வங்கியில் வேலை வந்துவிடும். வங்கி திறப்பது பத்து மணிக்கு. அப்பா ஏழு மணிக்கே கிளம்பிவிடுவார். எந்த வங்கி என்று நான் கேட்டதில்லை. ஐந்நூறு எப்படி ஆயிரத்து இருநூறு ஆனது என்பதை அம்மாதான் ஒவ்வொருவருக்கும் விளக்க வேண்டும். ஒரு மருந்துக் கம்பெனிக்காரர், “அறைக்குள்ள மூச்சு விட்டேனே, அதுக்கு எவ்வளவும்மா?” என்று கேட்டார். இன்னொருவர் தலையணையைக் கொண்டுவந்து கவுன்டரில் வைத்து, “இது மேல நான் படுக்கவே இல்ல, கழிச்சுக்குங்க” என்றார். இதெல்லாம் சிரிப்பாக இருக்கும். ஆனால் போன மாதம் வேலை இன்டர்வியூவுக்கு வந்த ஓர் அக்கா சண்டையே போடவில்லை. பையில் இருந்ததையெல்லாம் கவுன்டரில் கொட்டிவிட்டு, “பஸ்ஸுக்கு மட்டும் எடுத்துக்கட்டுங்களா?” என்று கேட்டார். அம்மா பஸ் காசை எண்ணி அவர் கையில் திணித்தாள். கத்துகிறவர்களே தேவலை என்று எனக்குத் தோன்றியது.

சரி, போர்டுக்கு வருகிறேன். நான்கு நாள் யோசித்த பிறகு அப்பாவுக்கு ஒரு வழி தோன்றியது. உத்தரவில் எழுத்தின் அளவைப் பற்றி ஒன்றும் இல்லையாம். அதனால் ஐந்நூறு என்பதைப் பனை உயரத்துக்குப் போட்டு, மற்றதையெல்லாம் எறும்பு அளவில் போட்டுவிடலாம் என்றார். என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்து, “நான் சொல்றதை ஒரு வார்த்தை விடாம எழுதணும். போன தடவை மாதிரி பண்ணாதே” என்றார். போன தடவை அறை விதிகளை எழுதும்போது ‘போர்வையை எடுத்துச் செல்லக் கூடாது’ என்ற வரியை விட்டுவிட்டேன். எட்டாம் நம்பர்க்காரர் போர்வையோடு ஊருக்குப் போய்விட்டார். அப்பா போன் செய்தபோது அவர், “கூடாதுன்னு எங்கயும் எழுதலையே சார். நல்ல போர்வை” என்றாராம். அதிலிருந்து நான் எதையும் விடுவதில்லை. அப்பா சொல்லச் சொல்ல எல்லாவற்றையும் எழுதினேன். பிறகு நிதானமாக உட்கார்ந்து, வேண்டியதை வைத்துக்கொண்டு வேண்டாததை நீக்கி நல்லபடியாக எழுதி அனுப்பலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் மறுநாள் கணக்குப் பரீட்சை. போர்டு அச்சடிக்கிறவரோ, “பாப்பா, இப்ப அனுப்பினாத்தான் வெள்ளிக்கிழமை கிடைக்கும்” என்று அப்பாவின் போனில் என்னை அவசரப்படுத்தினார். ஒரு கையில் சூத்திரத்தை வைத்துக்கொண்டு மறு கையால் அந்தப் பக்கத்தைப் படம் பிடித்து அனுப்பிவிட்டேன். திருத்தாத பக்கத்தை அனுப்பிவிட்டேன் என்பது இன்றைக்குத்தான் உறைத்தது.

போர்டு சாயங்காலம் வந்தது, சுருட்டிய ஃபிளெக்ஸாக. நல்ல பழுப்புத் தாள் சுற்றி, கயிறு கட்டி, நம் கதவை விட உயரமாக. அப்பா அதைத் தொடக் கூட விடவில்லை. “நாளைக்குப் பத்து மணிக்கு செக் பண்ண வர்ற அதிகாரி மேடம் முன்னாடிதான் பிரிக்கணும். மத்த லாட்ஜ்காரங்க எல்லாரையும் வரச் சொல்லியிருக்கேன். பாத்து வயிறு எரியட்டும்” என்று சொல்லி, வைக்க வேறு இடம் இல்லாமல் துணி அறையில் சாத்திவிட்டார். நான் துணி அறையில்தானே படிக்கிறேன். துவைத்த விரிப்புகளுக்கு நடுவில் உட்கார்ந்து எவ்வளவு நேரம்தான் ஒரு சுருளைப் பார்த்துக்கொண்டே இருப்பது? எல்லோரும் படுத்த பிறகு கயிற்றை அவிழ்த்தேன். இந்த அறை குறுகல் என்பதால் மேல் பாதியைத்தான் விரிக்க முடிந்தது. அந்தப் பாதியே போதும் மாமா.

எறும்பு எழுத்தெல்லாம் இல்லை. எல்லாமே பனை எழுத்துதான். பார்த்ததை அப்படியே கீழே தருகிறேன். படிக்கும்போது சிரிக்காதீர்கள், ஆபத்தில் இருப்பது நான்.

‘வாடகை ஐந்நூறு. இதைப் பெருசா போடு. இதைப் பாத்துத்தான் உள்ள வரணும்.’

‘ஃபேனுக்குத் தனி. ஆனா அதை ஆள் மாடி ஏறினப்புறம்தான் சொல்லணும். கீழயே சொன்னா ஓடிடுவான்.’

‘வெந்நீருக்குத் தனி. மூணாவது மாடிக்குப் போறதுக்குள்ள அது பச்சைத் தண்ணி ஆயிடும். இருந்தாலும் கீழ இருந்து புறப்படும்போது வெந்நீர்தானே.’

‘ஜன்னல் உள்ள அறைக்குக் காட்சிக் கட்டணம். என்ன காட்சியா? பக்கத்துக் கட்டடத்துத் தண்ணித் தொட்டி. அழகிய நீர்நிலைக் காட்சின்னு போடு.’

‘பராமரிப்புக் கட்டணம். எதுக்குன்னு கேட்டா பராமரிப்புக்குன்னு சொல்லு.’

‘சேவைக் கட்டணம். இது எதுக்குன்னு எனக்கே தெரியல, ஆனா எல்லா ஹோட்டல்லயும் வாங்குறாங்க.’

‘அந்த லைட்டை அணை, பகல்ல எதுக்கு லைட்டு.’ இது என்னிடம் சொன்னது. இதற்கும் ஒரு தனி வரி, பக்கத்தில் பூ அலங்காரம்.

கடைசியாக, நான் பார்த்தவரைக்கும் கடைசியாக: ‘ஆக மொத்தம் ஆயிரத்து இருநூறு வரும். அதை எழுதாதே.’

‘அதை எழுதாதே’ என்பது சிவப்பில் இருக்கிறது மாமா. பள்ளிப் பேருந்து நம் வாசலுக்கு நேர் எதிரே நிற்கும். எங்கள் வகுப்பில் ரேடியோ என்று ஒருத்தி இருக்கிறாள். சுவரில் எதைப் பார்த்தாலும் சத்தமாகப் படிப்பாள். அது போதாது என்று அப்பா அதிகாரி மேடத்திடம் போனில், “எல்லாம் என் பொண்ணே எழுதினது மேடம், நல்லா படிப்பா” என்று வேறு சொல்லி வைத்திருக்கிறார். அப்பா அடிக்க மாட்டார் என்பது உங்களுக்கும் தெரியும். ஆனால் எல்லார் முன்னாலும் தலை குனிந்து நின்றுவிட்டு, பிறகு என்னைப் பார்க்காமலே உள்ளே போவார் பாருங்கள், அதைத்தான் என்னால் தாங்க முடியாது. அவர் என்னை நம்பி எழுதச் சொன்னார். அவர் மனதில் இருப்பதை அப்படியே தூக்கி வாசலில் மாட்டிவிட்டேன்.

இதிலிருந்து என்னைக் காப்பாற்ற உங்களால் மட்டும்தான் முடியும். நீங்கள் வயரிங் வேலை செய்கிறவர், ஏணி உங்களுடையது, துளை போடுகிற மெஷின் உங்களுடையது. மூன்று யோசனை வைத்திருக்கிறேன், உங்களுக்கு எது வசதியோ அதைச் செய்யுங்கள். ஒன்று, போர்டைத் திருப்பி மாட்டிவிட்டு, வெள்ளையாக இருப்பதுதான் இப்போது புது நாகரிகம் என்று சொல்லிவிடலாம். இரண்டு, ஏணியிலிருந்து லேசாக விழலாம். நிறைய வேண்டாம், இரண்டாவது படியிலிருந்து போதும். நீங்கள் “ஐயோ” என்று கத்தினால் எல்லாரும் உங்களைத்தான் பார்ப்பார்கள், அந்த நேரத்தில் நான் சுருளை இழுத்துக்கொண்டு ஓடிவிடுவேன். மூன்று, அதிகாலையிலேயே நீங்கள் போர்டோடு எங்காவது வேலைக்குப் போய்விடலாம். யாராவது கேட்டால், தெரியாமல் வயர் சுருள் என்று நினைத்து எடுத்து வந்துவிட்டேன் என்று சொல்லலாம். கொஞ்சம் நம்ப முடியாதுதான். ஆனால் அப்பா உங்களைப் பற்றி ஏற்கெனவே அப்படித்தான் நினைக்கிறார், அதனால் புதிதாகக் கெட்ட பெயர் எதுவும் வராது.

உங்கள் உடம்பு நன்றாக இருக்கட்டும். கையில் எடுத்த வேலையெல்லாம் ஷாக் அடிக்காமல் முடியட்டும். உங்களுக்குப் பார்க்கிற பெண் குறட்டையைப் பொருட்படுத்தாதவளாக அமையட்டும். என்னை மறக்காதீர்கள்.

இப்படிக்கு,
காலை பத்து மணி வரைக்குமாவது
உங்கள் அன்பு மருமகள்

பின்குறிப்பு: மாமா, மேலே எழுதிய எதையும் செய்ய வேண்டாம். திருப்பி மாட்டாதீர்கள், விழாதீர்கள், எடுத்துக்கொண்டு ஓடாதீர்கள்.

கடிதத்தை மடிக்கும்போது அம்மா விரிப்பு எடுக்க வந்துவிட்டாள். போர்டு பாதி விரிந்து கிடக்கிறது, நான் அதன் மேல் உட்கார்ந்து அழுதுகொண்டிருக்கிறேன். மறைக்க ஒன்றுமே இல்லை. எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அம்மா திட்டவில்லை. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பிறகு பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“இதுக்கா அழற? நீ பரீட்சைக்குப் போயிருந்தப்போ போர்டுக்காரர் போன் பண்ணாரு. ‘அக்கா, இதுல அதை எழுதாதேன்னு ஒரு வரி இருக்கு, அதையும் எழுதணுமா?’ன்னு கேட்டாரு. என்னதான் இருக்குன்னு முழுசா படிக்கச் சொன்னேன். படிச்சாரு. எழுதுங்கன்னேன்.”

“அம்மா!”

“சிவப்புல போடுங்கன்னும் நாந்தான் சொன்னேன். மொத்தம் ஆயிரத்து இருநூறுன்னு வாசல்ல இருக்கா, இல்லையா? உத்தரவுப்படி சரியாத்தான் இருக்கு. இத்தனை வருஷமா நான் ஒவ்வொருத்தர்கிட்டயும் வாய் வலிக்கச் சொன்னதை இனிமே சுவரு சொல்லட்டும். பாத்துட்டு வர்றவங்க வரட்டும்.”

“அப்பா என்ன சொல்லுவாரு?”

“அதிகாரி நிக்கிற வரைக்கும் ஒண்ணும் சொல்ல மாட்டாரு. அவங்க போனதுக்கப்புறம் சொல்றதை நான் பாத்துக்கறேன். அது நானும் அவரும் பேச வேண்டியது. உன் பேரு அதுல வராது.”

பிறகு கதவைத் திறந்து, போர்டின் மறு பாதியை வெளி வராந்தா வரைக்கும் உருட்டி விரித்தாள். அடியில் இன்னும் ஒரு வரி இருந்தது. அது நான் எழுதியதும் இல்லை, அப்பா சொன்னதும் இல்லை: ‘காலையில் பில் போடும் நேரத்தில் உரிமையாளர் கவுன்டரிலேயே இருப்பார்.’

அதனால் அம்மா உங்களிடம் சொல்லச் சொன்னது: எட்டு ஆணிக்குப் பதில் பதினாறு அடிக்கவும், நல்ல நீளமான ஆணியாக. அடித்து முடித்ததும் ஏணியை உங்கள் அறையில் வைத்துப் பூட்டிவிடவும். மச்சான் கேட்டால் தர வேண்டாம்.

நான் தூங்கப் போகிறேன். காலையில் பயப்பட வேண்டியவர் வேறொருவர் என்று அம்மா சொல்கிறாள்.