மல்லாட்டையில் ஒரு சொட்டுச் சிவப்பு

துப்பிய மல்லாட்டைத் தோலில் அன்றைக்கும் சிவப்பு. சீனுவாசன் அவசரமாகத் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார்.

திண்டிவனம் மண்டியில் எண்ணெய் மில்லுக்காக மல்லாட்டை என்கிற வேர்க்கடலையைப் பார்த்து வாங்குபவர் அவர். முழுக் காயைக் கடித்தே காய்ந்ததா, ஈரமா என்று சொல்லிவிடுவார். இருபது வருடமாக அதுதான் பிழைப்பு. ஈறில் ரத்தம் என்று தெரிந்தால் மில்காரர் ஈரம் பார்க்கும் மிஷின் வாங்கிவிடுவார். அப்புறம் சீனுவாசன் எதற்கு?

பிரஷ் பட்டால்தானே ரத்தம் என்று பல் தேய்ப்பதையே விட்டார். ஒரே வாரத்தில் காபி குடித்தாலும் ரத்தம் வந்தது. சரியென்று அடுப்புக்கரியும் உப்பும் கலந்து அழுத்தித் தேய்த்தார். ஈறு வீங்கி, இட்லியே குத்தியது.

"ரத்தம் உறையாத வியாதியா இருக்கப் போவுது. ஜல்தியா போய்ப் பாருங்க" என்றாள் மனைவி பிரபாவதி.

விழுப்புரத்தில் ரத்தப் பரிசோதனை செய்துகொண்டார். எல்லாம் சரியாக இருந்தது. அது அவரை இன்னும் குழப்பியது. அந்தக் காகிதத்தோடு பல் டாக்டர் மலர்விழியிடம் போனார்.

"விரல்ல குத்துன ரத்தம் படி எறங்கறதுக்குள்ள உறைஞ்சிடுச்சும்மா. வாயில வர்றதும் அதே ரத்தந்தானே?"

டாக்டருக்குக் கேள்வி பிடித்துவிட்டது. "ரத்தத்துல ஒரு புரதம் இருக்குங்க. காயம் பட்டா அது நூலாகி, வலை பின்னி, ஓட்டையை அடைக்கும். உங்க ஈறுக்கடியில இருக்கற கிருமி, வலை பின்றதுக்கு முன்னாடியே அந்தப் புரதத்தை வெட்டிப் போட்டுடுது."

"அதுல அதுக்கு என்னாம்மா லாபம்?"

"ரத்தத்துல இருக்கற இரும்புச்சத்து அதுக்குச் சாப்பாடு. ஒழுகினாத்தானே கிடைக்கும்?"

எத்தனையோ கெட்டிக்கார வியாபாரிகளைப் பார்த்தவர், தன் வாய்க்குள்ளேயே ஒருவன் கடை விரித்திருப்பதைக் கேட்டு வாயைப் பிளந்தார்.

"அப்படியே வச்சிருங்க" என்று டாக்டர் கருவியை உள்ளே விட்டார்.

மூன்று தடவை போய் வந்ததில் பல்லடிக் காரையெல்லாம் போயிற்று. தினம் இரண்டு வேளை மென்மையாகத் தேய்த்தார். ஒரு மாதத்தில் ஈறு கெட்டிப்பட்டது.

அன்று துண்டில்லாமல் மண்டிக்கு வந்தார். காய் விற்க வந்த ஒலக்கூர் முனியம்மாளின் மூட்டையிலிருந்து ஒரு காயை எடுத்து, எல்லோரும் பார்க்கக் கடித்துத் துப்பினார். தோல் ஒரு பொட்டுச் சிவப்பில்லாமல் விழுந்தது.

"ஈரமா இருக்குது" என்றார் கம்பீரமாக.

முனியம்மாள் தோலைப் பொறுக்கி, இப்படியும் அப்படியும் புரட்டிப் பார்த்தாள்.

"தோலு குத்தி ரத்தம் வந்தா காஞ்ச காயி, வரலைன்னா ஈரக் காயி, அதைப் பாத்துத்தான், மொதலாளி, இத்தினி நாளா உங்களை நம்பிக்கினு இருந்தோம். இப்பத்தான் ரத்தமே நின்னுபோச்சே, இனிமே ஆவாது, மில்லுல சொல்லி மிஷின் ஒண்ணு வாங்கியாங்க."