எதிர்க்கருத்துக்கு ஆட்டுத்தலை

நாரின்,
முதல் பனி விழுந்த மறுநாள்.

அன்பும் மதிப்பும் மிக்க சம்பந்தி ஓஸ்மோனாலி அவர்களுக்கு, கல்முர்ஸா எழுதிக்கொள்வது. இங்கே நான், என் மனைவி ஜிபார், பசு, கன்று, என் மகள் பெர்மெத், உங்கள் மகன் எர்மெக் எல்லோரும் சௌக்கியம். அங்கே கோச்கோரில் நீங்களும் சம்பந்தியம்மாவும் குதிரைகளும் ஆடுகளும் சௌக்கியமாக இருக்கவும், வெட்டிப் போட்ட வைக்கோல் நனையாமல் வீடு வந்து சேர்ந்திருக்கவும் வேண்டுகிறேன். என் முட்டி வலியைப் பற்றி விசாரித்திருந்தீர்கள். அது என்னைவிடச் சௌக்கியமாக இருக்கிறது.

நிற்க. வருகிற வெள்ளிக்கிழமை என் வேனை வாங்கிக்கொண்டு போக வருவதாகச் சொல்லியிருந்தீர்கள். வர வேண்டாம். வேன் விற்பனைக்கு இல்லை. தயவுசெய்து கோபித்துக்கொள்ளாதீர்கள். விற்றே தீருவேன் என்று உங்களிடம் சத்தியம் செய்தவனும் நான்தான், விற்க மாட்டேன் என்று இப்போது எழுதுகிறவனும் நான்தான். இடையில் யாரும் என் தலையில் அடிக்கவில்லை. இடையில் நடந்தது ஒரு கட்டுரை. இதையெல்லாம் போனிலேயே சொல்லலாம்தான், ஆனால் போனில் நீங்கள் குறுக்கே பேசுவீர்கள். எனக்கு ஏற்கெனவே குழப்பம் தாங்கவில்லை.

என் முட்டி மடங்காமல் போனதிலிருந்து ஆள் ஏற்றி ஓட்டிய வேன் முற்றத்தில் சும்மா நிற்பது உங்களுக்குத் தெரியும். கோழி அதற்குள் முட்டையிடுகிறது. விற்றுவிடலாம் என்று நான் சொன்னேன். ஜிபாருக்குத் தபால் ஆபீஸ் வேலை முடிந்து ஓய்வு கிடைத்ததா, அவள் என்ன சொன்னாள் தெரியுமா, "எதுக்கு விக்கணும்? நான் ஓட்டுறேன். நாரின் – கோச்கோர், காலையில போயி சாயங்காலம் வந்துடறேன்" என்றாள். நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. அதன்பிறகு எங்கள் வீட்டில் நடந்த சத்தத்தில் பசு பால் சுரக்கவில்லை, பக்கத்து வீட்டு குல்பரா வேலிக்கு அந்தப் பக்கம் நாற்காலி போட்டே உட்கார்ந்துவிட்டாள். ஒரு நாள் பெர்மெத் பள்ளிக்கூடம் விட்டு நேரே வந்தாள். உங்கள் மருமகள் பிள்ளைகளுக்கு இலக்கியமும் கட்டுரையும் சொல்லிக்கொடுக்கிறவள் அல்லவா, எங்கள் இருவரையும் கடைசி பெஞ்சுப் பையன்களைப் பார்ப்பது மாதிரி பார்த்தாள். "போதும் நிறுத்துங்க ரெண்டு பேரும். அவங்கவங்க பக்கத்தைக் கட்டுரையா எழுதுங்க. ஞாயித்துக்கிழமை எல்லார் முன்னாடியும் படிங்க. எது மனச மாத்துதோ அதுபடி செய்வோம்" என்றாள். ஜிபார், "எனக்கு எழுத நேரமில்லடி. பாத்திரம் கிடக்கு. நானே ஒரு கட்டுரை, என்னப் பாத்துப் படிச்சுக்கோங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். ஆகவே எழுத வேண்டியவன் நான் ஒருவன். எதிரி எழுதாத போட்டியில் தோற்பது எப்படி என்று நீங்கள் கேட்கலாம். அதைத்தான் சொல்ல வருகிறேன்.

முதல் தடவை சுருக்கமாகவே எழுதினேன். வேன் பழசு, டீசல் விலை ஏறுகிறது, விற்க வேண்டும். பெர்மெத் படித்துவிட்டு, "அப்பா, எதிர்த்தரப்பு எங்க?" என்றாள். "அடுப்படியில" என்றேன். "ஐயோ அப்பா! கட்டுரையில எங்க? மாத்துக் கருத்து இருக்கறவங்க என்ன சொல்றாங்கன்னு நீங்களே எடுத்துச் சொல்லணும். அப்புறம் அதுக்குப் பதில் சொல்லணும்" என்றாள். இது என்ன அநியாயம் சம்பந்தி? சண்டைக்குப் போகிறவன் எதிரிக்கும் சேர்த்துக் கத்தி தீட்ட வேண்டுமாம். "நான் எடுத்துச் சொன்னா அது கேக்கறவங்களுக்கு ஞாபகம் வந்துடாதா?" என்றேன். "அம்மா எதிர்லயே உக்காந்திருப்பாங்கப்பா. யாருக்கு மறந்துச்சு ஞாபகம் வர்றதுக்கு? நீங்க சொல்லாம விட்டா, பதில் இல்லாம முழிக்கிறீங்கன்னுதான் நெனப்பாங்க" என்றாள்.

சரி என்று இரண்டாம் தடவை எதிர்த்தரப்பைச் சேர்த்தேன். "கண்ணை மூடிக்கொண்டுகூட மலைப்பாதையில் ஓட்டிவிடலாம் என்று சிலர் பிதற்றுகிறார்கள். தபால் தலையில் முத்திரை குத்திக் குத்தி அந்தச் சிலருக்குப் புத்தி தேய்ந்துவிட்டது" என்று எழுதி, அதற்கு ஒன்றரைப் பக்கம் பதிலும் எழுதினேன். எனக்கே கைதட்டத் தோன்றியது. ஜிபார் தோள் வழியாக எட்டிப் பார்த்து, "கண்ண மூடிக்கிட்டு ஓட்டுவேன்னு நான் எப்பங்க சொன்னேன்? பொய்யி!" என்று கரண்டியோடு நின்றாள். பெர்மெத் சிவப்பு மையில் குறுக்கே கோடு போட்டாள். "வைக்கோல் பொம்மை செஞ்சு வெச்சு, அத ஒதச்சுக் கீழ தள்ளிட்டு ஜெயிச்சேன்றீங்க. அவங்க சொன்னத அவங்க சொன்ன மாதிரியே சொல்லணும். அதுலயும் சொத்தைக் காரணத்த எடுக்கக் கூடாது, இருக்கறதுலயே பலமான காரணத்த எடுக்கணும். மரியாதையா கூப்பிட்டு உக்கார வைங்கப்பா, வீட்டுக்கு வந்த விருந்தாளி மாதிரி" என்றாள்.

இதை முதலிலேயே சொல்லியிருக்கக் கூடாதா இந்தப் பெண்! கட்டுரை எழுத எனக்குத் தெரியாது, ஆனால் விருந்தாளியை உட்கார வைப்பதை ஒரு கிர்கிஸ்காரனுக்கு யாராவது சொல்லித்தர வேண்டுமா? அன்று உட்கார்ந்து எழுதினேன் பாருங்கள். எதிர்க்கருத்தை வாசலிலேயே எதிர்கொண்டு அழைத்து, கதவுக்கு நேர் எதிரே மேலிடத்தில் உட்கார வைத்தேன். அதாவது முதல் பத்தி அதற்கு. இரண்டாம் பத்தியும் அதற்குத்தான், விருந்தாளியின் தட்டு காலியாக இருக்கலாமா? நல்ல நல்ல வார்த்தைகளை எல்லாம் அதற்கே பரிமாறினேன். இருக்கிறதிலேயே பலமான காரணத்தை எடு என்றாளே, அதுதான் மதிப்பான விருந்தாளிக்கென்றே வைக்கும் ஆட்டுத்தலை. அதை எடுத்து விருந்தாளி முன்னால் வைத்தேன். என்னுடைய சொந்தக் கருத்தை என்ன செய்வது? வீட்டுக்காரன் எங்கே உட்காருவான்? கதவோரம், செருப்புகளுக்குப் பக்கத்தில். கடைசியில் ஒரு வரி எழுதி அங்கே உட்கார வைத்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் வந்தார்கள். பெர்மெத், எர்மெக், அழைக்காமலே குல்பரா. நான் எழுந்து நின்று படித்தேன். "ஜிபார் வேன் ஓட்டலாம் என்பது எதிர்க்கருத்து. அதன் முதல் காரணம், அவளுக்கு ஓட்டத் தெரியும். டிரைவிங் தேர்வுக்கு நாங்கள் இருவரும் ஒரே காலத்தில்தான் போனோம். அவள் முதல் தடவையே பாஸ் செய்தாள். நான் மூன்றாம் தடவை." இதை நான் இத்தனை வருஷமாக எவனிடமும் சொன்னதில்லை சம்பந்தி. ஆனால் ஆட்டுத்தலையை ஒளித்து வைத்துவிட்டு விருந்தாளிக்கு வெறும் சூப்பையா ஊற்றுவது? எர்மெக் தேநீரைத் துப்பிவிட்டான். நான் விடாமல் படித்தேன். "இரண்டாவது, என் முட்டியால் வேன் நின்றதிலிருந்து நம் தெருப் பெண்கள் ஆஸ்பத்திரிக்கும் சந்தைக்கும் போக ரோட்டோரம் காற்றில் விறைத்து நிற்கிறார்கள். மூன்றாவது, தபால் ஆபீஸ் வேலை முடிந்த நாளிலிருந்து ஜிபார் ஜன்னலில் உட்கார்ந்து போகிற வருகிற பஸ்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். ஊருக்கெல்லாம் கடிதம் அனுப்பியவளை நான் ஜன்னலில் உட்கார வைத்துவிட்டேன். எதிர்க்கருத்தே, நீ வந்ததற்கு நன்றி. வழியில் குளிராமல் போய் வருக."

பிறகு, ஜிபார் தேநீர் எடுக்க அடுப்படிக்குப் போன நேரத்தில், கதவோரத்து வரியைப் படித்தேன். "என் கருத்து என்னவென்றால், வேனை விற்க வேண்டும். கோச்கோர் போகிற வழியில் தோலோன் கணவாயில் பனி கொட்டும்போது எனக்குப் பயம். அவள் திரும்பி வராத வீட்டில் அடுப்பு பற்றவைக்க எனக்குக் கை வராது."

குல்பரா மூக்கைச் சிந்தினாள். பெர்மெத் மட்டும் வாத்தியாரம்மா அல்லவா, "பதில் எங்கப்பா? எதிர்க்கருத்துக்கு நீங்க பதிலே சொல்லலயே?" என்றாள். "நல்லாருக்கே! சாப்பிட உக்கார வெச்ச விருந்தாளிய எதிர்த்துப் பேசறதா? குதிரை வரைக்கும் போயி ஏத்திவிட்டுட்டு வந்தேன், அது போதாதா?" என்றேன். "எதிர்த்தரப்புக்கு முழு மார்க். உங்களுக்கு என்ன போடறதுன்னே தெரியலப்பா" என்று தலையில் கை வைத்துக்கொண்டாள். குல்பரா கண்ணைத் துடைத்துக்கொண்டே, "அண்ணே, அப்போ திங்கக்கிழமை முன் சீட்டு எனக்குத்தான், சொல்லிட்டேன்" என்றாள். எர்மெக், உங்கள் மகன்தான், உங்களுக்காக வேனை வாங்கப் பேசியவனே அவன்தான், அவன் எழுந்து போய் எஞ்சினுக்கு எண்ணெய் பார்க்கிறான்! பெரிய அதிசயம் என்னவென்றால், படித்து முடித்தபோது எனக்கே மனசு மாறிவிட்டது. இத்தனை நல்ல காரணங்களை வைத்துக்கொண்டு இந்த மனுஷன் ஏன் வேனை விற்கிறான் என்று என்மேலேயே எரிச்சல் வந்தது. ஜிபார் ஓட்டட்டும். முடிவு செய்துவிட்டேன். கோழிக்கு வேறு இடம் பார்த்துவிட்டேன்.

ஆகவே வெள்ளிக்கிழமை வர வேண்டாம் என்று மறுபடியும் கேட்டுக்கொள்கிறேன். வேனுக்காக வர வேண்டாம் என்றேனே தவிர, மற்றபடி உங்கள் கால் எங்கள் வீட்டில் படுவது எங்கள் பாக்கியம். சம்பந்தியம்மாவுக்கு என் வணக்கம். உங்கள் மந்தை பெருகட்டும், கூரைமேல் பனி கனக்காமல் இருக்கட்டும், உங்கள் வீட்டுத் தேநீர் ஆறாமல் இருக்கட்டும்.

இப்படிக்கு,
மிகுந்த தெளிவுடன்,
கல்முர்ஸா

பின்குறிப்பு: மேலே எழுதியதை நம்ப வேண்டாம். உறையில் போடப் போனபோது ஜிபார் வாங்கிப் படித்துவிட்டாள். நல்ல சேதி எழுதியிருக்கிறேன், சந்தோஷப்படுவாள் என்று நின்றேன். அவள் அழுகிறாள். "நீங்க பயப்படறீங்கன்னு ஒரு வார்த்த சொன்னதுண்டா? பொம்பள ஓட்டுனா ஊரு சிரிக்கும், அந்த வெக்கத்துல விக்கறீங்கன்னுல்ல நான் வரிஞ்சு கட்டிக்கிட்டு நின்னேன்! உங்களப் பயத்துல உக்கார வெச்சுட்டு எனக்கு எதுக்குங்க வேனு? வித்துடலாம்" என்கிறாள். நான் விற்கக் கூடாது என்கிறேன். அவள் விற்றே ஆக வேண்டும் என்கிறாள். அதே சத்தம்தான் மறுபடியும், ஆள்தான் இடம் மாறியிருக்கிறோம். குல்பரா நாற்காலியோடு வேலிக்கு வந்துவிட்டாள், யார் எந்தப் பக்கம் என்று அவள் என்னைக் கேட்கிறாள், நான் யாரைக் கேட்பது?

இப்போது ஜிபார் பாத்திரத்தை எல்லாம் போட்டுவிட்டுக் கட்டுரை எழுத உட்கார்ந்திருக்கிறாள். அதில் எதிர்க்கருத்து நான். கொல்லையில் ஆடு அடித்தாகிவிட்டது. என்னை மேலிடத்தில் உட்கார வைத்து, தலையை என் முன்னால் வைத்துவிட்டாள். இனி நான் எங்கே பேசுவது?

வெள்ளிக்கிழமை நீங்கள் வர வேண்டாம், நாங்களே வருகிறோம். வேனை உங்களிடம் ஒப்படைத்துவிட அவள் வருகிறாள். ஒப்படைக்காமல் திருப்பிக் கொண்டுவர நான் வருகிறேன். என் முட்டிதான் மடங்காதே, அதனால் ஓட்டப் போவது அவள்தான். தோலோன் கணவாய் வழியாகத்தான். அந்தக் கணவாயில் நீ ஓட்ட வேண்டாம் என்றுதானே வேனையே விற்கிறாய், அதை விற்க அதே கணவாயில் ஓட்டிக்கொண்டு போகிறாயே, இது என்ன நியாயம் என்று கேட்டேன். எழுதுவதை நிறுத்தாமலே, "அது எதிர்க்கருத்து. நல்லாத்தான் இருக்கு, சேத்துக்கறேன். சாப்பிடுங்க" என்றாள்.